ஓங்குகுரலில் ஒரு தராசு

கட்சி சொந்தமாக ஒரு சமூக வலைத்தளம் தொடங்கப்போகிறது என்ற செய்தி கட்சிப் பத்திரிகையின் முதல் பக்கத்துக்கு வந்தபோது, அதை மெய்ப்புப் பார்த்தவள் ஒற்றக்காதான். பத்தொன்பது வருடமாக அவளுக்கு அதுதான் வேலை. விட்டுப்போன ஒற்றெழுத்து, அந்த க், ச், த், ப், எங்கே ஒளிந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள் என்பதால் வந்த பெயர் அது. அவளுடைய உண்மைப் பெயர் சம்பளப் பிரிவில் ஒருவருக்கு மட்டும் தெரியும்.

மற்ற தளங்களில் நம் பதிவுகளை அமுக்குகிறார்கள் என்பது கட்சியின் நெடுநாள் குறை. தலைவர் காலை வணக்கம் சொன்னால் நாற்பது பேர் கோபமுகம் போடுகிறார்கள். அந்த நாற்பதில் பாதிப் பேர் கட்சிக்காரர்கள், விரல் தவறிப் போட்டவர்கள் என்பது பிறகு தெரியவந்தது. ஆனால் அதற்குள் முடிவு எடுத்தாகிவிட்டது. தளத்துக்கு ‘ஓங்குகுரல்’ என்று பெயரும் வைத்தாகிவிட்டது.

செயலாளர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“ஒழுங்குப் பிரிவுக்கு நீங்கதாம்மா பொறுப்பு. யாராவது கண்டபடி எழுதினா தூக்கிடணும்.”

“எனக்கு கம்ப்யூட்டர் அவ்வளவா வராது சார்.”

“தப்பு கண்டுபிடிக்க வரும்ல? அது போதும்.”

இரண்டாம் மாடியில், முன்பு சுவரொட்டிகள் அடுக்கிவைத்திருந்த அறையைக் கொடுத்தார்கள். பசை வாசனை இன்னும் போகவில்லை. இரண்டு மேசை, ஒரு ஏசி, ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு ஒரு வாளி. எதிர் மேசையில் தளத்தைக் கட்டிய பொறியாளர். முப்பது வயதிருக்கும். யார் பேசினாலும் ஒரு காதிலிருந்து மட்டும் இயர்போனைக் கழற்றிக் கேட்பார்.

தளத்தில் வரவே கூடாத சொற்கள் என்று செயலாளர் தன் கைப்பட எழுதிக் கொடுத்தார். ஊழல், பொய், தோல்வி, துரோகி என்று பதினாறு சொற்கள்.

பொறியாளர் ஒரு காதைத் திறந்தார். “அக்கா, மெஷினுக்கு ‘ஊழல்’னு சொல்லிக் கொடுத்தா ‘ஊழல்’ மட்டும்தான் தெரியும். ‘ஊழலை’, ‘ஊழலுக்கு’ எல்லாம் தப்பிச்சுப் போயிடும்.”

ஒற்றக்கா இரண்டு நாள் உட்கார்ந்தாள். ஒவ்வொரு சொல்லையும் எடுத்து, ஒருமை, பன்மை, எல்லா வேற்றுமை உருபும், வினையாக வந்தால் மூன்று காலம், ஐந்து பால், எதிர்மறை என்று ஒன்றுவிடாமல் எழுதினாள். பதினாறு சொல் நானூற்றுப் பன்னிரண்டு ஆனது. பொறியாளர் இரண்டு காதையும் திறந்துவிட்டுப் பட்டியலைப் பார்த்தார். இவ்வளவு முழுமையாகத் தான் எந்த வேலையையும் செய்ததில்லை என்று அவளுக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது.

தொடக்க விழாவுக்கு மூவாயிரம் நாற்காலி போட்டிருந்தார்கள். மேடையில் ஆளுயரத் திரை. வெல்வெட் மெத்தையில் ஒரு டேப்லெட்டை வைத்துத் தலைவரிடம் நீட்டினார்கள். பதிவை முன்பே தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். அவர் பொத்தானை அழுத்தவேண்டியதுதான் பாக்கி. அழுத்தினார். தளத்தின் முதல் பதிவு திரையில் பெரிதாக எழுந்தது.

‘ஊழலை ஒழிப்போம்! பொய்யர்களைத் தோற்கடிப்போம்! துரோகிகளுக்கு இங்கே இடமில்லை!’

ஒரு விநாடிதான். பதிவு மறைந்து சிவப்பு வட்டம் வந்தது. அதன் கீழே எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன.

‘உங்கள் பதிவு சமூக ஒழுங்குக்கு எதிரானது. நீங்கள் மூன்று நாள்களுக்கு எழுத முடியாது. தவறை உணர இந்த நேரத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.’

மூவாயிரம் பேரும் கைதட்டினார்கள். எதிர்க்கட்சிக்கு விடுத்த எச்சரிக்கை என்று நினைத்துக்கொண்டார்கள். தலைவரும் கையசைத்தார். செயலாளர் மட்டும் கைதட்டவில்லை. அவர் மேடை ஓரத்தில் நின்று அந்த மூன்று வாக்கியங்களையும் மறுபடி மறுபடி படித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை அவர் அறையில் இருவரும் நின்றார்கள்.

“அந்த வாக்கியத்தை யாரு எழுதினது?”

“நான்தான் சார்.”

“‘தவறை உணர’வா?”

“கொஞ்சம் மரியாதையா இருக்கட்டுமேன்னு...”

“தலைவர் என்னம்மா தவறை உணரணும்?”

ஒற்றக்கா யோசித்தாள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லித்தான் பழக்கம். “‘ஊழலை’ன்னு இரண்டாம் வேற்றுமையில போட்டிருந்தாங்க சார். அது பட்டியல்ல பதினேழாவது.”

பொறியாளர் கூரையைப் பார்த்தார்.

“சரி, பூட்டைத் திறங்க,” என்றார் செயலாளர்.

“முடியாது சார்,” என்றார் பொறியாளர். “பூட்டைத் திறக்கிற அதிகாரம் ஒரே ஒரு கணக்குக்குத்தான் இருக்கு. நீங்கதான் அப்படி வைக்கச் சொன்னீங்க.”

“எந்தக் கணக்கு?”

“தலைவர் கணக்கு.”

மூன்று நாள் காத்திருந்தார்கள். தலைவர் மக்களின் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று பத்திரிகையில் செய்தி போட்டார்கள். அதையும் ஒற்றக்காதான் மெய்ப்புப் பார்த்துக் கொடுத்தாள். நான்காம் நாள் சொற்பட்டியலைத் தூக்கிவிட்டு, எதை நீக்குவதென்பதை ஆளே பார்த்து முடிவு செய்யட்டும் என்று உத்தரவு வந்தது. ஆள் என்றால் அவள்.

முதல் வாரத்தில் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் பேர் சேர்ந்தார்கள். சேராத கிளைக்குத் தலைமையிலிருந்து தொலைபேசி போகும் என்று சொல்லியிருந்ததால் குடும்பம் குடும்பமாகச் சேர்ந்தார்கள். எல்லாரும் ரோஜாப்பூ படம் போட்டார்கள். ஒருவர் ‘வாழ்க’ என்று எழுதினால் கீழே நூறு பேர் ‘மிக அருமை’ என்றார்கள். அந்த ‘மிக அருமை’களுக்குக் கீழே ‘நீங்கள் சொன்னது மிக அருமை’ என்று வந்தது. ஒற்றக்காவுக்கு நீக்குவதற்கு ஒன்றும் இல்லை. காலையில் வந்து வாளியை ஊற்றிவிட்டு உட்கார்ந்தால் மாலையில் மறுபடி வாளியை ஊற்றிவிட்டுக் கிளம்பவேண்டியதுதான்.

மூன்றாம் வாரம் தளத்துக்கு வருகிறவர்கள் வெறும் ஒன்பதாயிரமாகக் குறைந்தார்கள். ஒரு கிளையிலிருந்து பழைய தொண்டர் ஒருவர் போன் செய்தார். “வேற தளத்துல இருந்தா நாலு பேரோட மல்லுக்கட்டுவோம்மா. இங்க யாரோட பேசுறதுன்னே தெரியல. கண்ணாடி முன்னாடி உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கு.”

செயலாளர் தினமும் வரைபடத்தைப் பார்த்தார். கோடு சறுக்குமரம்போல் இறங்கிக்கொண்டிருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்கு ‘தராசு’ என்ற பெயரில் ஒருவர் வந்தார். தலைவர் ஒரு பாலத்தைத் திறந்துவைக்கும் படத்துக்குக் கீழே ஒரே வரி எழுதினார்.

‘பாலத்துக்கு இந்தப் பக்கம் சாலை தெரிகிறது. அந்தப் பக்கம் சாலை எங்கே?’

தளமே நிமிர்ந்து உட்கார்ந்தது. பதினைந்து நிமிடத்தில் எண்ணூறு பதில். சாலை வரும் என்றார்கள். சாலை ஏற்கெனவே இருக்கிறது, படத்தில் மரம் மறைக்கிறது என்றார்கள். பாலம் என்றால் பாலத்தைத்தான் பார்க்கவேண்டும் என்றார்கள். தூங்கிப்போன கணக்குகள் எல்லாம் எழுந்து வந்தன. மாலை நான்கு மணிக்கு சர்வர் படுத்துவிட்டது. பொறியாளர் அதைத் தட்டி எழுப்பிவிட்டு, “அக்கா, முதல் தடவையா உயிரோட இருக்கு,” என்றார்.

ஒற்றக்கா அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ‘இந்தப் பக்கம்’, ‘அந்தப் பக்கம்’ இரண்டிலும் ப் இருந்தது. தராசு என்ற பெயர் வேறு. அவளுடைய அண்ணனும் ஒற்று விடாமல் எழுதுபவர்; எடையளவு ஆய்வாளர். கடை கடையாகப் போய் எடைக்கற்களைச் சோதிப்பவர். கல்லூரி நாளிலிருந்தே எதிர்க்கட்சி. பதினோரு வருடத்துக்கு முன் ஒரு தேர்தல் முடிவன்று அண்ணனும் தங்கையும் தொலைபேசியில் தொண்டை கட்டும்வரை கத்திக்கொண்டார்கள். அதன்பிறகு மூட்டுவலி, மழை, பிள்ளைகளின் மதிப்பெண் என்ற மூன்றைத் தவிர வேறு எதையும் பேசுவதில்லை என்று சொல்லாமலே ஒப்பந்தம் ஆகிவிட்டது.

அவள் யாரிடமும் சொல்லவில்லை.

தராசு தினமும் பத்து நாற்பதுக்கு, டீ நேரத்தில், ஒரு கேள்வி கேட்டார். திட்டவில்லை, கிண்டல் செய்யவில்லை. ஒரு கேள்வி, ஒரு கேள்விக்குறி. மக்கள் பத்து முப்பதுக்கே வந்து காத்திருந்தார்கள். ஒரு வாரத்துக்குள் எண்பதாயிரம் பேர் திரும்பி வந்தார்கள். செயலாளர் வரைபடத்தை அச்செடுத்துச் சுவரில் ஒட்டினார். கோடு ஏன் ஏறுகிறது என்று கேட்க அவருக்கு ஒன்பது நாள் ஆனது. கேட்டபிறகு தராசின் கேள்விகளைப் படித்தார். படித்தபிறகு அவளைக் கூப்பிட்டார்.

“நம்ம வீட்டுக்குள்ளயே வந்து நம்மளையே கேள்வி கேக்குறான். தூக்குங்க.”

அன்று மாலை அவள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணிதான் கதவைத் திறந்தாள்.

“வாம்மா. நீயாவது வந்து என்னன்னு கேளு. முன்னெல்லாம் இந்த மனுஷன் சண்டை போட ஆளில்லாம என்கிட்ட உப்புக்கும் புளிக்கும் மல்லுக்கு நிப்பார். ரெண்டு வாரமா ஒரு சத்தம் இல்ல. வர்றார், சாப்பிடுறார், போனைப் பார்த்துச் சிரிக்கிறார். எனக்கு பயமா இருக்கு.”

அண்ணன் மேசையில் பித்தளை எடைக்கற்களை வரிசையாக வைத்துத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“நீதானேண்ணா?”

“நான்தான். உக்காரு.”

“உனக்கு எங்க இடத்துல என்ன வேலை?”

“எங்க பக்கமும் ஒரு தளம் வச்சிருக்காங்க, பாப்பா. போன வருஷமே ஆரம்பிச்சாங்க. ஒரு கேள்வி கேட்டேன். தூக்கிட்டாங்க.”

“என்ன கேட்ட?”

“கேள்விதான்.” ஒரு கல்லை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “உங்காளுங்க பரவால்ல. பதினஞ்சு நாள் விட்டு வச்சாங்க.”

“நான் உன்னை நீக்கணும்ணா.”

“நீக்கு. உன் வேலை அது. நான் கோவிச்சுக்க மாட்டேன். காரணம்னு ஒரு கட்டம் இருக்குமே, அதுல என்ன எழுதப்போற?”

அண்ணி டீ கொண்டுவந்தாள். மூட்டுவலியைப் பற்றிக் கொஞ்சம் பேசினார்கள்.

மறுநாள் காரணக் கட்டத்தில் எதையாவது எழுதாமல் பொத்தான் வேலை செய்யவில்லை. ‘நிர்வாகக் காரணம்’ என்று எழுதினாள். பத்தொன்பது வருடத்தில் பிழையே இல்லாமல் அவள் எழுதிய முதல் பொய் அது என்று தோன்றியது. பத்து முப்பத்தெட்டுக்குப் பொத்தானை அழுத்தினாள்.

பத்து நாற்பதுக்கு முப்பதாயிரம் பேர் காத்திருந்தார்கள். ஒன்றும் வரவில்லை. பதினொன்றுக்கு முதல் புகார் வந்தது: ‘தராசு எங்கே? அவருக்கு உடம்பு சரியில்லையா?’ மாலைக்குள் அறுநூறு புகார். ‘அவனுக்கு நான் நான்கு பக்கம் பதில் எழுதி வைத்திருக்கிறேன், இதை யாரிடம் கொடுப்பது?’ என்று ஒருவர் கேட்டிருந்தார்.

சண்டைக்குத் தயாராக வந்த கூட்டம் சும்மா கலையவில்லை. தராசுக்கு நறுக்கென்று பதில் சொன்னது யார் என்று கிழக்குக் கிளையும் மேற்குக் கிளையும் தொடங்கின. அது முற்றி, தலைவரின் படத்தில் மீசை அளவுக்கு மீறிக் கறுப்பாக இருக்கிறதா என்பதில் வந்து நின்றது. வெள்ளிக்கிழமை இரண்டு கிளைச் செயலாளர்களும் நேரிலேயே தலைமை அலுவலகத்துக்கு வந்து, வரவேற்பறையில் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தார்கள். ஒரு நாற்காலி உடைந்தது.

செயலாளர் உடைந்த நாற்காலியைப் பார்த்துவிட்டு மாடி ஏறி வந்தார்.

“நமக்கு ஒரு எதிரி வேணும்மா.”

“தராசையே திரும்பக் கூப்பிடலாமே சார்?”

“அவன் வேணாம். அவன் நிஜமான எதிரி. நம்ம ஆளா ஒரு எதிரி வேணும். நீங்களே எழுதுங்க.”

‘நடுநிலையாளன்’ என்று ஒரு கணக்கை உருவாக்கிக் கொடுத்தார்கள். முதல் கேள்வியைச் செயலாளரே சொன்னார்: ‘உங்கள் தலைவரை மட்டும் ஏன் எல்லாருக்கும் பிடிக்கிறது?’ இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது: ‘ஆபீஸில் உட்கார்ந்து எழுதுவது யாருப்பா?’ அடுத்த மூன்று கேள்விகளுக்கும் அதே கதி. உறுப்பினர்கள் கொட்டாவி விடும் படங்களைப் போட்டார்கள்.

“எதிரி மாதிரி சொந்தமா யோசிச்சு எழுதுங்களேன்,” என்று எரிச்சலாகச் சொல்லிவிட்டுச் செயலாளர் வெளியூருக்குப் போனார், இரண்டு நாள் மாநாட்டுக்கு.

ஒற்றக்கா யோசித்தாள். எதிரியாக இருந்தால் என்ன கேட்பேன்? அதிக நேரம் பிடிக்கவில்லை. அந்தக் கேள்வி எங்கேயோ உள்ளே தயாராகவே இருந்தது என்பதுதான் அவளுக்கு ஆச்சரியம். மூன்று வருடத்துக்கு முன் மாநாட்டுத் தீர்மானத்தை அவள்தான் மெய்ப்புப் பார்த்தாள். ஒன்பதாம் தீர்மானத்தில் ‘மூன்றில் ஒரு பங்கு’ என்று வந்ததும், சரியாகத்தான் இருக்கிறதா என்று மூலப்படியை இரண்டு முறை ஒப்பிட்டுப் பார்த்தது நினைவிருந்தது.

எழுதினாள்: ‘கிளைப் பொறுப்புகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்று மூன்று ஆண்டுகளுக்கு முன் தீர்மானம் போட்டீர்கள். நாற்பத்தேழு கிளைகளில் எத்தனை பெண் செயலாளர்கள்?’

ஒரு மணி நேரம் யாருமே பதில் எழுதவில்லை. ஒரு ரோஜாப்பூகூட வரவில்லை. பிறகு ஏதோ ஒரு கிளையிலிருந்து தையல்கடை வைத்திருக்கும் ஒரு பெண் எழுதினாள்: ‘எங்க கிளையில நாற்காலி போடுறது நாங்க. உட்கார்றது அவங்க.’ அதற்குக் கீழே இன்னொருத்தி. அதற்குக் கீழே இன்னும் பத்துப் பேர். அன்று மாலைக்குள் ஆயிரத்து நூறு பதில், எல்லாம் பெண்கள். இத்தனை பெண்கள் இங்கே இருந்தார்கள் என்பதே பொறியாளருக்குத் தெரியாது. “அக்கா, இவங்க இதுவரைக்கும் ஒரு எழுத்துகூட எழுதினதில்ல,” என்றார், கணக்குகளைப் பார்த்துவிட்டு.

மாநாட்டிலிருந்து செயலாளர் போனில் கத்தினார். “என்னம்மா கேட்டு வச்சிருக்கீங்க?”

“நீங்கதான் எதிரி மாதிரி யோசிக்கச் சொன்னீங்க சார்.”

“எதிரி இப்படியா கேப்பான்?”

“வேற எப்படி சார் கேப்பாங்க?”

“நம்மால பதில் சொல்ல முடியுற மாதிரி கேப்பான்! உடனே அழிங்க. அந்தக் கணக்கையும் சேர்த்து அழிங்க.”

போனை வைத்துவிட்டு அவள் வாளியை ஊற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஏசி சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு நடுநிலையாளனைத் தேர்ந்தெடுத்து நீக்கினாள். காரணம் என்ற கட்டத்தில் ‘இப்படி ஓர் ஆள் இல்லை’ என்று எழுதினாள். கேள்வியும் அதன் கீழிருந்த ஆயிரத்து நூறு பதில்களும் அவனோடு போயின.

அடுத்து, தன் சொந்தக் கணக்கைத் திறந்தாள். சேர்ந்த நாளிலிருந்து அதில் ஒன்றும் எழுதியதில்லை. அதே கேள்வியை, ஓர் எழுத்து மாற்றாமல், தன் முழுப் பெயரோடு பதிந்தாள். பத்தொன்பது வருடமாக அடுத்தவர் எழுதியதைத் திருத்தியே பழகிய கை அது.

பொறியாளர் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். இரண்டு காதிலிருந்தும் இயர்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். “இதையும் நீக்கச் சொல்லி போன் வந்தா என்னக்கா சொல்லட்டும்?”

“ஒழுங்குப் பிரிவுல கேட்கச் சொல்லுங்க தம்பி.”

செயலாளர் திரும்பி வருவதற்குள், கேள்வியை அச்செடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு முப்பத்தொரு பெண்கள் தலைமை அலுவலக வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தார்கள். கத்தவில்லை. காத்திருக்கிறோம் என்றார்கள். எதிர்க்கட்சிப் பத்திரிகை அதைப் படத்தோடு போட்டது. தலைவருக்கு அந்தப் படம் பிடிக்கவில்லை. தீர்மானத்தைத் தான் மறந்துவிடவில்லை, தகுந்த நேரத்துக்குக் காத்திருந்ததாக அறிக்கை விட்டார். அடுத்த மாதம் வெளிவந்த புதிய கிளைச் செயலாளர்கள் பட்டியலில் நான்கு பெண்கள் இருந்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு இன்னும் வெகுதூரம். ஆனால் நான்கு.

ஒற்றக்காவை மெய்ப்புப் பிரிவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். தண்டனை என்று செயலாளர் நினைத்தார், அவள் திருத்தவில்லை. ஓங்குகுரல் நான்காம் மாதம் மூடப்பட்டது. ‘நோக்கம் நிறைவேறியது’ என்று அறிவித்தார்கள்.

பட்டியல் வந்த அன்று அண்ணன் போன் செய்தார். “உன் கேள்வியைப் படிச்சேன். நல்லாத்தான் இருந்தது. ஒரு தப்பு.”

“என்ன தப்பு?” அவளுக்குச் சுருக்கென்றது.

“நாற்பத்தேழு இல்ல. நாற்பத்தாறு. ஒரு கிளையை மார்ச்சு மாசம் கலைச்சுட்டாங்க.”

“எதிர்க்கட்சிக்காரனுக்கு எப்படித் தெரியும்?”

“எதிர்க்கட்சிக்காரனுக்குத்தான் தெரியும்.”

“உங்க கட்சியில எத்தனை பெண் செயலாளர் இருக்காங்கன்னு முதல்ல சொல்லு.”

மறுமுனையில் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. பிறகு நாற்பது நிமிடம் சண்டை போட்டார்கள், பதினோரு வருடத்தில் முதல் தடவையாக. நடுவில் அண்ணி போனைப் பிடுங்கி, “நல்லா திட்டு. ராத்திரி நான் நிம்மதியா சாப்பிடுவேன்,” என்று சொல்லிவிட்டுக் கொடுத்தாள்.

புதிய செயலாளர்களில் ஒருத்தி அந்தத் தையல்கடைக்காரி. இரண்டு வாரம் கழித்து ஒற்றக்காவைப் போனில் கூப்பிட்டாள்.

“அக்கா, நீங்கதான் ஒரு வழி சொல்லணும். கூட்டம் ஆறு மணின்னு சொன்னா ஆம்பளைங்க ஏழரைக்கு வர்றாங்க. அதுக்கப்புறம் நான் எப்ப வீட்டுக்குப் போறது?”

“ஆறு மணிக்கு ஆரம்பிச்சிடுங்க.”

“யாருமே இல்லாமலா?”

“நீங்க இருக்கீங்கள்ல.”

அடுத்த கூட்டம் ஆறு மணிக்குத் தொடங்கியது. மூன்று பெண்கள் இருந்தார்கள். ஏழு மணிக்குள் ஐந்து தீர்மானங்களைப் படித்து, கைதூக்கி, நிறைவேற்றி, கையெழுத்துப் போட்டார்கள். ஏழரைக்கு வந்த ஆண்கள், இனிமேல் கூட்டத்துக்கு முன்பு நாற்காலி போடுவதும் பிறகு எடுத்து அடுக்குவதும் தங்கள் பொறுப்பு என்பதை அறிவிப்புப் பலகையில் படித்துத் தெரிந்துகொண்டார்கள்.